நூற்று நாற்பத்து நான்கு ராத்தல்

நாராயணபெருமாள் பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம். அந்தப் பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் மனைவிக்குப் பக்கத்தில் நடந்தவரில்லை. கோயிலுக்கானாலும் கல்யாண வீட்டுக்கானாலும் வடசேரிச் சந்தைக்கானாலும் அவர் பத்தடி முன்னால் போவார். அழகியநாயகி மூச்சு வாங்க வாங்கப் பின்னால் வருவாள். அவர் திரும்பிப் பார்ப்பது கிடையாது. அவள் வருகிறாளா என்று அறிய அவருக்குக் காது போதும். வளையல் சத்தத்துக்கு முன்னால் மூச்சுச் சத்தம் வந்து சேர்ந்துவிடும்.

அப்படிப்பட்ட மனிதர், கொல்லம் ஆண்டு 1126, அதாவது 1951, மாசி மாதம் ஒரு விடியற்காலையில் அவளைத் தொட்டு எழுப்பினார்.

"ஏட்டி நாயகி, எந்திரி. ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வருவோம்."

அவள் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல்ல. உனக்கு ஒண்ணும் ஆகிரப்பிடாதுண்ணாக்கும் கூப்பிடுகேன். நேத்து வைத்தியரக் கண்டேன். உனக்க முட்டுவலியச் சொன்னேன். மேலுல எடை குறையாம ஒரு தைலமும் கேக்காதுண்ணுட்டாரு. இப்படியே போனா ஒரு நாளு நெஞ்சு அடைச்சிருமாம்."

அழகியநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. நெஞ்சு அடைப்பதை எண்ணி அல்ல. தன் முட்டுவலியை இந்த மனிதர் இன்னொரு ஆளிடம் சொல்லியிருக்கிறாரே என்றுதான். வீட்டில் அதைப்பற்றி அவள் வாய் திறந்தாலே செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுகிறவர் அவர். பிள்ளை இல்லாத வீட்டில் பேச்சும் இல்லாமல் பதினேழு வருஷம் ஓட்டியவளுக்கு இந்த ஒரு வார்த்தையே சீதனம் மாதிரி இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள்.

அன்றைக்கு ஆற்றங்கரை மாமரம் வரை போவதற்குள் நான்கு இடத்தில் நின்றாள். நான்கு இடத்திலும் அவரும் நின்றார். அதுதான் அதிசயம்.

திரும்பி வந்ததும் அவளை அறைப்புரைக்குக் கூட்டிப்போனார். மலையிலிருந்து வரும் சரக்கை நிறுப்பதற்கு அங்கே உத்திரத்தில் ஒரு பெரிய தட்டுத் தராசு தொங்கும். தேங்காயும் புளியும் ஏறுகிற தட்டில் அழகியநாயகி கூச்சத்தோடு ஏறி உட்கார்ந்தாள். மறு தட்டில் அவர் ஒவ்வொரு இரும்புப் படிக்கல்லாகத் தூக்கி வைத்தார். நூற்று எழுபத்தெட்டு ராத்தல். கரித்துண்டால் சுவரில் உயரத்தில் ஒரு கோடு போட்டு எழுதினார். பிறகு குனிந்து, ரொம்பக் கீழே இன்னொரு கோடு போட்டார்.

"அது என்னத்துக்கு?"

"அங்கதான் நாம போய்ச் சேரணும். நூத்தி நாப்பத்தி நாலு."

"அதென்ன ஒரு நாலு? நாப்பதுண்ணோ அம்பதுண்ணோ சொல்லப்பிடாதா வைத்தியருக்கு?"

"உனக்க உயரத்துக்கு அதாக்கும் அளவு. படிச்ச மனுஷன் சும்மாவா சொல்லுவாரு?"

அவள் ஒப்புக்கொண்டாள். படித்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டிலும் அவரே அளவு வைத்தார். காலையில் ஏத்தன்பழமும் புட்டும் போயிற்று, காணக்கஞ்சி வந்தது. குதிரைக்குப் போடுகிற காணத்தைத் தனக்கும் போட்டுவிட்டார்களே என்று முதல் வாரம் அவளுக்கு அழுகையாக வந்தது. மத்தியானம் ஒரு சிரட்டை அளவு சோறு, மலைபோல முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும். தேங்காய்ப்பால் விட்ட எதுவும் கண்ணில் படக்கூடாது. சாயங்காலம் சீரகம் போட்ட வெந்நீர், பசித்தால் மோர். பலகாரம் என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. சித்திரையில் பலாச்சக்கை பழுத்துக் கொல்லையெல்லாம் மணத்தபோது அவள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போய் வந்தாள். ஒரு சுளை, ஒரே ஒரு சுளை என்று கெஞ்சினாள். பிள்ளை அன்றைக்கே சக்கையையெல்லாம் வெட்டி ஊருக்குப் பங்குவைத்துவிட்டார். தானும் ஒரு சுளை தின்னவில்லை. "நீ திங்காம எனக்கு மட்டும் என்னத்துக்கு?" என்றார்.

இந்தப் பேச்சுக்கு எந்தப் பெண்தான் மயங்கமாட்டாள்? சொல்லுங்கள் பார்ப்போம்.

அடுத்த வீட்டு உலகம்மைக்குப் பொறுக்கவில்லை. "அரிசிக்கு ரேஷன் கடையில வரிசை நிக்கிற காலத்துல, பத்தாயம் நிறைய நெல்ல வச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்கிய நீ ஒருத்திதாம்ட்டி. உனக்குக் கிறுக்கா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"எனக்குக் கிறுக்கில்ல. எங்க வீட்டுல உள்ளவியளுக்குத்தான் என்மேல கிறுக்கு" என்றாள் அழகியநாயகி. சொல்லிவிட்டு வெட்கத்தில் முகம் சிவந்து உள்ளே ஓடினாள். முப்பத்தைந்து வயதில்.

ஓடினாள் என்பதைக் கவனிக்க வேண்டும். வைகாசிக்குள் அவள் ஓடக்கூடிய ஆளாகியிருந்தாள். தரையில் உட்கார்ந்தால் தூணைப் பிடிக்காமல் எழுந்தாள். முட்டுவலி எந்த நாளில் விட்டது என்றே தெரியவில்லை. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஆற்றங்கரை மாமரத்தோடு நின்ற நடை, மதகு தாண்டி, குளத்தங்கரை சுற்றி, அடுத்த ஊர் ஆலமரம் வரை நீண்டது. ஆனியில் மழை பிடித்துக்கொண்டபோதும் விடவில்லை. ஒரே குடையில் இருவரும் போனார்கள். வயலில் நாற்றுப் பிடுங்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளையின் இடது தோளும் அவளுடைய வலது தோளும் நனையும். நடுவில் உள்ள இரண்டு தோள்களும் நனையாது. அந்த நனையாத தோளைத்தான் அவள் நாள் முழுதும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

நடக்கும்போது அவர் பேசவும் செய்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து, நாற்பது நாள் நினைவில்லாமல் கிடந்ததைப் பற்றி முதல்முறையாகச் சொன்னார். அப்போதுதான் அவர் மலையடிவாரத்துப் பகவதிக்கு நேர்ந்துகொண்டது. பேச்சிப்பாறைப் பக்கம் மலைச்சரிவில் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் அந்த வருஷம்தான் நல்லமிளகுக் கொடி நட்டிருந்தார். "அம்மே, இவ எந்திரிச்சு நடந்தா, எனக்க கொடியில காய்க்கிய மொத நல்லமிளகுல இவளுக்க எடைக்கு எடை துலாபாரம் தாறேன்" என்பது வேண்டுதல். இந்தத் தை மாதம் கொடி முதல்முறையாகக் காய்த்துக் கொட்டியிருந்தது. ஆவணியில் துலாபாரம் என்று நாளும் குறித்தாயிற்று.

"அம்மைக்குச் செய்யுகேன்னு சொன்னத நான் மறப்பனா?" என்றார் குடைக்குள் இருந்து. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்து, வரப்பில் கால் வழுக்கினாள். அவர் பிடித்துக்கொண்டார்.

இந்த ஆறு மாதமும் அவளுக்கு இருந்த ஒரே குறை, வெள்ளிக்கிழமைதோறும் அறைப்புரையில் அவர் காட்டுகிற அவசரம். தட்டில் அவள் சரியாக உட்காருவதற்குள் படிக்கல்லை வைத்துப் பார்ப்பார். இரண்டு ராத்தல் குறைந்திருந்தால் முகம் மலரும். குறையாவிட்டால் அன்றைக்கு மோரும் கிடையாது. அது அக்கறைதான் என்று அவள் எண்ணினாள். ஆடிக் கடைசி வெள்ளியன்று நூற்று நாற்பத்தைந்து. இன்னும் ஒரே ஒரு ராத்தல். பிள்ளை ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார்.

மறுநாள் அவர் வடசேரிக்குப் போயிருந்தார். துலாபாரத்தன்று பாயசம் வைக்கப் பெரிய உருளி வேண்டும். உருளி மச்சில் கிடந்தது. அழகியநாயகி மச்சுக்கு ஏறி எட்டுப் பத்து வருஷம் இருக்கும். ஒருமுறை ஏணியின் நடுப்படி அவள் காலடியில் முறிந்து, ஊரே சிரித்தபிறகு அவள் அந்தப் பக்கம் போனதில்லை. மச்சுக் காரியமெல்லாம் பிள்ளைதான். ஏணியைப் பார்த்தாள். நாம் இப்போது அந்தப் பழைய ஆளா என்ன என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சேலையை வரிந்துகொண்டு ஏறினாள். ஒரு படிகூடக் கிறீச்சிடவில்லை.

மேலே போய் நின்றதும், நல்லமிளகு மூட்டைகளைத்தான் முதலில் தேடினாள். தை மாதம் மலையிலிருந்து வண்டியில் நான்கு மூட்டை வந்து இறங்கியதை அவளே கண்ணால் பார்த்தவள். அம்மைக்குப் போக மிச்சம் வீட்டுக்கு என்று பிள்ளை சொல்லியிருந்தார். மச்சில் இருந்தது ஒரே மூட்டை. வாயை இறுக்கித் தைத்திருந்தது. அதன் வயிற்றில் கரியால் எழுதியிருந்தது: 144.

அழகியநாயகிக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் அந்த எண்ணை ஆறு மாதமாகச் சுவரில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். அந்த நான்கின் வால்கூட அதே மாதிரி வளைந்திருந்தது. கரியின் மேல் தூசி படிந்து, ஒட்டடையும் கட்டியிருந்தது. நேற்றோ முந்தாநாளோ எழுதினது இல்லை.

உருளியை எடுக்காமலே இறங்கிவந்தாள்.

மத்தியானம் செல்வதாஸ் வந்தான். மலையில் கொடிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். தோளில் ஒரு சுமை மரச்சீனிக்கிழங்கு. முற்றத்தில் சுமையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"எம்மா, இது நீங்கதானா? யாரோ விருந்து வந்திருக்குண்ணுல்லா நினைச்சேன்!"

"செல்வதாஸ்," என்றாள் அவள், "மத்த மூணு மூட்டை நல்லமிளகு எங்க போச்சு?"

அவன் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்று அவனுக்குத் தெரியாது. "அதையா கேக்கிய? தை மாசம் நல்லமிளகு விலை ஏறிச்சே ஒரு ஏத்தம்! எங்கயோ சண்டையாம், வெள்ளைக்காரன் கப்பல் கப்பலா வாங்குகான்னு பேச்சு. ஊரே வித்திச்சு, பிள்ளையும் வித்தாரு. மலையில ஒரு துண்டு தோப்பு சேத்து வாங்கிப் போட்டாச்சுல்லா! கடைசி மூட்டையில கை வைக்கப் போனப்ப எனக்குத்தான் பயமாப் போச்சு. 'அது அம்மைக்குள்ளதாக்கும், வேண்டாம்'ணு சொன்னேன். அதுக்குள்ள அதுலயும் கொஞ்சம் அள்ளியாச்சு."

"பிறகு?"

"பிறகு, நம்ம அம்மாவுக்க எடைக்கு இது காணாதேண்ணு கேட்டேன். அதுக்குப் பிள்ளை சொன்னாரு..." செல்வதாஸ் அதை நினைத்து வாய்விட்டுச் சிரித்தான். "'சாக்கப் பெரிசாக்க முடியாதுலே, ஆளச் சின்னதாக்கலாம்'ணு சொன்னாரு. நான் தமாசுண்ணுல்லா நினைச்சேன். மனுஷன் செஞ்சே காட்டிட்டாரே!"

அழகியநாயகியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அவன் எதிரே கீழே விழுந்திருப்பாள். அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு அடுக்களைக்குள் போய் உட்கார்ந்தாள்.

எந்த வைத்தியரும் அவள் முட்டுவலியைக் கேட்டதில்லை. அது இப்போது தெரிந்தது. வைத்தியர் என்றால் நாடி பார்க்காமலா அளவு சொல்லுவார்? மாமரத்தடியில் அவர் நின்றது, சக்கையை வெட்டிப் பங்குவைத்தது, தானும் தின்னாதது, வரப்பில் பிடித்துக்கொண்டது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் அந்தக் கரி எழுத்து. ஒரு குடைக்குள் மூன்று பேர் நடந்திருக்கிறார்கள். நடுவில் அந்தச் சாக்கு நடந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

அம்மனை ஏமாற்றியது அம்மன் பாடு. தன்னை ஏமாற்ற இத்தனை பாசத்தைச் செலவழித்தாரே, அது எங்கிருந்து வந்தது? உள்ளே இருந்தால்தானே எடுக்க முடியும்? அப்படியானால் கொஞ்சமாவது இருந்திருக்குமோ? இந்த ஒரு நூல்தான் மிச்சம். அதைப் பிடித்துக்கொண்டு அவள் சாயங்காலம் வரை காத்திருந்தாள்.

பிள்ளை சந்தையிலிருந்து வந்து கால் கழுவியதும் கேட்டாள்: "துலாபாரம் முடிஞ்ச பிறகும் நாம நடக்கப் போவோம், இல்லியா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சிரித்தார். "பிறகு நடை என்னத்துக்கு? இந்த ஆறு மாசமா எனக்கும் உறக்கம் கெட்டுப்போச்சு. கோயில் காரியம் முடியட்டும், நீ பாட்டுக்குப் புட்டும் பழமும் தின்னுட்டு இரு. யாரு கேக்கா?"

"அப்ப எனக்க நெஞ்சு?"

"ம்?"

"நெஞ்சு அடைக்கும்ணு வைத்தியர் சொன்னாரே."

"ஓ, அதுவா," என்றார் பிள்ளை. "அது இதுக்குள்ள சரியாப் போயிருக்கும்."

நூல் அறுந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில் செய்த பட்டினி அல்ல அது. கஞ்சியை வாய்வரை கொண்டுபோவாள், திரும்பக் கலத்திலேயே வைத்துவிடுவாள், அவ்வளவுதான். விடியற்காலையில் அவர் எழுப்பினார். அவளும் கூடவே நடந்தாள். ஓர் அடி விலகியே நடந்தாள். அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை அறைப்புரைக்குக் கூப்பிட்டபோது மட்டும், "இனி கோயில்ல வச்சுப் பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டாள். ஒரு ராத்தல்தானே, அதற்குள் குறைந்திருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஆவணி பிறந்த இரண்டாம் நாள் துலாபாரம். உலகம்மை முதற்கொண்டு ஊர்க்காரர்கள் பத்து இருபது பேர் மலையடிவாரத்துக்கு வந்திருந்தார்கள். கோயில் மண்டபத்தில் பூச்சுற்றிய தராசு தொங்கியது. பூசை செய்யும் போற்றி தீர்த்தம் தெளித்து, அழகியநாயகியைத் தட்டில் உட்காரச் சொன்னார். செல்வதாஸ் மூட்டையைத் தலையில் கொண்டுவந்து மறு தட்டில் இறக்கினான். பிள்ளை கைகூப்பி நின்றார். கண்ணை மூடவில்லை, தராசு முள்ளில்தான் அவர் கண் இருந்தது.

மூட்டை பாரத்தோடு கீழே இறங்கியது. அழகியநாயகி உட்கார்ந்த தட்டு மேலே ஏறிற்று. ஏறியது அங்கேயே நின்றது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "பிள்ளைவாள், நல்லமிளகு கூடுதலாட்டு இருக்கே" என்றார் போற்றி. சாக்கின் தையலைப் பிரித்து, நாழியால் அள்ளி அள்ளி ஒரு தாம்பாளத்தில் போட்டார். முள் நேரே நிற்பதற்குள் தாம்பாளம் கோபுரமாகிவிட்டது. ஏழு ராத்தல் இருக்கும்.

"நேந்தது எடைக்கு எடை. மிச்சத்தையும் அம்மைக்கே போட்டிரலாமா? இல்ல, வீட்டுக்கா? உங்க இஷ்டம்."

பிள்ளை பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கை பதில் சொல்லிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்துவிட்டார்.

அழகியநாயகி மேலே இருந்தபடி அதைப் பார்த்தாள். இவ்வளவு இளைத்திருக்கிறாளே, என்ன ஆயிற்று என்று அவர் முகம் ஒருதரம் அவள் பக்கம் திரும்பியிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். முகம் துண்டின்மேல் இருந்தது. ஒரு மணி வெளியே உருண்டு ஓட, அதையும் குனிந்து பொறுக்கினார்.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி வீடுவரை பிள்ளை பத்தடி முன்னால் போனார், துண்டு மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அவள் பின்னால் வருகிறாளா என்று அறிய வழியில்லை. இப்போது அவளுக்கு மூச்சுச் சத்தம் இல்லையே.

வீட்டில் கால் வைத்ததும், "நல்ல அசதி. இந்த நல்லமிளகுல ஒரு பிடி போட்டு ரசம் வையி நாயகி" என்றார்.

அவள் வைத்தாள். அம்மியில் நுணுக்கி, புளி கரைத்து, மணக்க மணக்க வைத்து, ஒரு டம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் ஊதி ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"ஆகா. சொந்தக் கொடியில காய்ச்சதுல்லா."

"கொடியில காய்ச்சது இல்ல," என்றாள் அழகியநாயகி. "எனக்க மேலுல இருந்து எடுத்ததாக்கும். மச்சுல ஏறி அந்தச் சாக்கப் பாத்த நாளுல இருந்து நான் திங்காத சோறு. குடியுங்க, ஆறிப்போகும்."

டம்ளர் பாதி வழியில் நின்றது. பிள்ளை அப்போதுதான் அவளைப் பார்த்தார். கன்னத்து எலும்பையும், தோளில் நிற்காமல் வழிகிற ரவிக்கையையும், கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பையும் பார்த்தார். அறைப்புரையில் ஆறு மாதம் அவளை நிறுத்த மனிதர் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். செல்வதாஸ்தான் உளறியிருப்பான் என்று அவன் பெயர் வாய்வரை வந்து, அதைச் சொல்லக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். விழுங்கிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நாளைக்கும் நடக்கப் போவோம்ட்டி. நான் எழுப்புகேன்."

அவள் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"இனி எத்தன ராத்தலுக்கு?" என்று கேட்டாள்.

பதிலுக்கு அவள் காத்து நிற்கவில்லை. மீதி ரசத்தைத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.